ஆறாவது கேள்வி வராது

பயில்வான் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார் என்று கேட்டதும் தலையாட்டி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்படி மாட்டினாரு?"

"கதவு திறக்கல. உள்ளேருந்து தட்டிக்கிட்டே இருக்காரு. நான் கிளம்பும்போது மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு."

சொன்னவர் ஜவுளிக்கடைக்காரர். சபையில் தலையாட்டிக்குப் பக்கத்து இருக்கை. உறுப்பினர் குடியிருப்பில் பயில்வானுக்கு எதிர்வீடு. நாடாளுமன்ற லாபியில் நின்றபடி தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உடைச்சுட்டு வர வேண்டியதுதானே? கைக்கு ஒரு ஆளா தூக்கின மனுஷன்."

"அரசாங்கக் கதவு தம்பி. உடைச்சா எழுதிக் குடுக்கணும், விசாரணைக்கு வருவாங்க, எதுக்கு வம்புன்னு அவரு வீட்டம்மா தடுத்துட்டாங்க. சாவி தேடுறாங்க."

"குளியலறைக்கு ஏதுண்ணே சாவி?"

"அதனாலதான் தேடுறாங்க."

தலையாட்டி சுவரில் ஒட்டியிருந்த அன்றைய அலுவல் பட்டியலை மறுபடி பார்த்தார். கேள்வி நேரம். முதல் கேள்வி பேராசிரியர். இரண்டாவது பயில்வான். மூன்றாவது டாக்டரம்மா. நான்காவது ஜவுளிக்கடைக்காரர். ஐந்தாவது வக்கீல். ஆறாவது அவர்.

காலையில் பார்த்தபோது ஆறாவது என்பது வெகு தூரத்தில் இருந்தது. இப்போது ஒரு படி இறங்கி அவரை நோக்கி வந்திருந்தது.

கேள்வி நேரம் என்பது ஒரு மணி நேரம். பெயர் கூப்பிட்டதும் உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும். அமைச்சர் பதில் படிப்பார். அதன் பிறகு உறுப்பினர் துணைக்கேள்வி கேட்க வேண்டும். அதைத் தாளில் பார்த்துப் படிக்கக் கூடாது. சொந்த வாயால் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான்கு கேள்விகள் முடிந்தால் அதிசயம். மற்றவர்களுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். அப்படி எழுத்தில் பதில் வாங்குவதில் தலையாட்டிக்கு நல்ல பழக்கம் உண்டு.

பெயர் சும்மா வரவில்லை. நான்கு வருடங்களாக அவர் சபையில் வாய் திறந்ததில்லை. தன் கட்சி பேசினால் மேலும் கீழும் ஆட்டுவார். எதிர்க்கட்சி பேசினால் பக்கவாட்டில் ஆட்டுவார். பதவியேற்ற அன்று அவர் எடுத்த உறுதிமொழியைச் சுருக்கெழுத்தாளர்கள் 'கேட்கவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

தேர்தலில் மேடை மேடையாகப் பேசியது அவர் மனைவி. அவள் பேசுவாள், அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். ஜனங்கள் அவள் வாய்க்கு ஓட்டுப் போட்டு அவர் உடம்பை அனுப்பி வைத்தார்கள்.

இன்று காலையிலும் அவள் கேட்டாள்.

"உங்க கேள்வி இன்னைக்கு வருதாமே?"

"ஆறாவது. ஆறாவது வராது."

"வந்துட்டா?"

"வராதும்மா. பேராசிரியர் ஒருத்தரே அரை மணி நேரத்தை முழுங்கிருவாரு. பயில்வான் மிச்சத்தை முழுங்குவாரு."

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு மடிப்பு கொஞ்சம் கூடுதலாகவே விறைப்பாக இருந்தது.

கேள்வி வந்தால் ஓடிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கட்சிக் கொறடா போன வாரமே அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்.

"தம்பி, போன கூட்டத்தொடர்ல உங்க கேள்வி வந்தப்ப வயித்து வலின்னு போயிட்டீங்க. உங்க ஊர்ப் பாலம் ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. இந்தத் தடவை பேரு கூப்பிடும்போது நீங்க இருக்கையில இல்லன்னா, அடுத்த தேர்தல்ல உங்களுக்கு சீட் இல்ல. இருந்தும் பேசலன்னா, அதை ஊரே டிவியில பார்க்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்ல."

ஆகவே ஓடினால் சீட் போகும். நின்றால் மானம் போகும். ஒரே நம்பிக்கை, ஆறாவது கேள்வி வரக் கூடாது.

பயில்வான் போனால் போகட்டும், பேராசிரியர் இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தலையாட்டி அவரைத் தேடிப் போனார்.

பேராசிரியர் லாபியின் கோடியில் ஒரு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். கண்கள் மட்டும் துக்க வீட்டில் இருப்பதுபோல் இருந்தன.

"ஐயா, என்ன ஆச்சு?"

பேராசிரியர் கைக்குட்டையை ஓரமாக விலக்கினார். மேல் வரிசை முழுவதும் காலி.

"பல்லைக் காணோம்."

"ஐயோ. எங்க வச்சீங்க?"

"படுக்கும்போது கிண்ணத்துல தண்ணி ஊத்திப் போட்டேன். காலையில கிண்ணம் இருக்கு. தண்ணி இருக்கு."

"வீட்டம்மாவைக் கேட்டீங்களா?"

"அவளும்தான் தேடுறா. நீங்க கிளம்புங்க, கிடைச்சா அனுப்புறேன்னு என்னைத் தள்ளாத குறையா அனுப்பி வச்சுட்டா."

"அப்ப இன்னைக்குக் கேள்வி?"

"ஒரு வரி. உக்காந்துருவேன். பல் இல்லாம கல்விக் கொள்கையைப் பத்திப் பேசினா சபையில காத்துதான் வரும்."

தலையாட்டி அலுவல் பட்டியல் ஒட்டியிருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். அரை மணி நேரம் ஒரு வரியாகச் சுருங்குவதைக் கண்ணெதிரே பார்த்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"ஐயா, என் வண்டி வெளியதான் நிக்குது. டிரைவரை அனுப்புறேன். குடியிருப்பு பக்கம்தானே? மணி அடிக்கிறதுக்குள்ள பல்லோட வந்துருவாரு."

பேராசிரியர் முகத்தில் உயிர் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"டிரைவருக்கு என் பல்லு அடையாளம் தெரியுமா?"

"உங்க வீட்டுல வேற யாரு பல்லு ஐயா தனியா கிடக்கப் போவுது?"

"அதுக்கில்ல தம்பி. அவளுக்குத் தேடத் தெரியாது. கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் தெரியாது. நானே போறேன்."

"ஐயா, நீங்க போயிட்டா..."

பேராசிரியர் போயே விட்டார். தலையாட்டியின் சொந்த வண்டியில், சொந்த டிரைவரோடு. வாசலில் திரும்பிக் கையை வேறு ஆட்டினார்.

மணி அடித்தது.

இரண்டு போயிற்று. மீதி மூன்று. அதிலும் டாக்டரம்மா லேசுப்பட்டவர் இல்லை. எதிர்க்கட்சி வரிசையில் அவர் எழுந்தால் ஆளுங்கட்சி தண்ணீர் கேட்கும். இன்று கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் போதும். தலையாட்டி வேகமாக நடந்து அவரைக் கதவருகே பிடித்தார். கூட வக்கீலும் இருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம்."

டாக்டரம்மா நின்றார். வக்கீலும் நின்றார். தலையாட்டி தானாக வந்து பேசுவதை இருவரும் இதுவரை பார்த்ததில்லை.

"இன்னைக்கு நீங்க நல்லா விரிவா பேசணும்மா."

"யாரு, நானா?"

"ஆமாம்மா. எவ்வளவு நேரம் வேணும்னாலும். மருந்துத் தட்டுப்பாடு எவ்வளவு பெரிய விஷயம். சுருக்கமா முடிச்சுராதீங்க."

டாக்டரம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தார். வார்டில் புதிதாகச் சேர்ந்தவரைப் பார்க்கிற பார்வை.

"நீங்க ஆளுங்கட்சி."

"ஆமாம்மா."

"நான் அரசாங்கத்தைத் திட்டப் போறேன்."

"திட்டுங்கம்மா. நிதானமா திட்டுங்க."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

தலையாட்டி தலையைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு உள்ளே போனார். டாக்டரம்மா வக்கீல் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? நேரத்தை இழுக்கச் சொல்லி ஆளை அனுப்புறாங்க. பின்னாடி வர்ற எதையோ சபைக்கு வராம பண்ணப் பாக்குறாங்க."

வக்கீல் தாடையைச் சொறிந்தார். "பேராசிரியர் ஆளைக் காணோம். பயில்வான் ஆளைக் காணோம். தலையாட்டி பேசுறாரு. இது சாதாரண நாள் இல்லம்மா."

"நம்ம கட்சித் தலைவர்கிட்ட சொல்லிருவோம்."

சபை கூடியது. சபாநாயகர் வந்து அமர்ந்தார். சிரிப்பு என்பது நேர விரயம் என்று நம்புகிற மனிதர்.

"முதல் கேள்வி."

பேராசிரியரின் இருக்கை காலி.

"உறுப்பினர் இல்லை. இரண்டாவது கேள்வி."

பயில்வானின் இருக்கை இரண்டு மடங்கு காலியாகத் தெரிந்தது.

"உறுப்பினர் இல்லை. மூன்றாவது கேள்வி."

டாக்டரம்மா எழுந்தார். தலையாட்டி கண்ணை மூடி நன்றி சொன்னார். அவசரப்பட்டுவிட்டார்.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! இந்த அரசு எதையோ மறைக்கிறது!"

ஆளுங்கட்சி வரிசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதை மறைச்சோம்?" என்று நிதியமைச்சர் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்.

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்! சொல்ற வரைக்கும் உள்ள உக்கார மாட்டோம்! வெளிநடப்பு செய்றோம்!"

எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்தது. நாற்காலிகள் பின்னால் சாய்ந்து அடித்துக்கொண்டன. டாக்டரம்மா முன்னால் போக, வக்கீல் தாள்களைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். ஐந்தாவது கேள்வியும் அந்தச் சுருளுக்குள்ளேயே போயிற்று.

கொறடா உள்துறை அமைச்சர் காதில் குனிந்தார். "நாம எதையாவது மறைச்சோமா?"

"எனக்குச் சொல்லல. அவ்வளவு பெரிய ரகசியமா இருக்கும்."

தலையாட்டி பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் அவருக்கு மிச்சம் இருந்தது ஜவுளிக்கடைக்காரர் மட்டும்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே. உங்களைத்தான் நம்பியிருக்கேன். நூல் விலையைப் பத்தி ஒண்ணு விடாம பேசுங்க."

"நூல் விலைதானே? என் கடைசிக் கேள்வியைக் கேட்டுட்டு அமைச்சர் வீட்டுக்குப் போயிச் சாப்பிட மாட்டாரு. கவலைப்படாதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஜவுளிக்கடைக்காரரின் சட்டைப்பை அதிர்ந்தது. மேசைக்கடியில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"தம்பி, வீட்டுல தண்ணித் தொட்டி வழியுதாம். மோட்டாரை நிறுத்தத் தெரியலயாம். உடனே வரச் சொல்றா."

"தண்ணிதானே, வழிஞ்சா வழியட்டும்ணே!"

"கூடத்துல சரக்கு மூட்டை அடுக்கி வச்சிருக்கேன். தண்ணி உள்ள வந்தா அவ்வளவும் துடைக்கிற துணிதான்."

அவர் எழப் போனார். சபாநாயகர் அப்போது தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையாட்டிக்கு யோசிக்க நேரமில்லை. போனைப் பறித்துத் தன் இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இன்னும் பார்க்கவே இல்லன்னு வச்சுக்குங்க. கேள்வி முடிஞ்சதும் பாருங்க."

"தம்பி, குடுங்க!"

"குடுக்க மாட்டேன்ணே. மன்னிச்சுக்குங்க."

போனில் எந்தப் பொத்தான் எந்த இடத்தில் அழுந்தியதோ தெரியவில்லை. அடுத்த முறை அது அதிரவில்லை. பாடியது. ஜவுளிக்கடைக்காரர் தன் கடை விளம்பரத்தையே மணியோசையாக வைத்திருந்தார். ஒரு பெண் குரல், தலையாட்டியின் அடியிலிருந்து, நாடாளுமன்றத்தைக் கூவி அழைத்தது.

"வாங்க வாங்க! வேட்டியிலேர்ந்து போர்வை வரைக்கும்! ஒருதடவை வந்தா விட மாட்டீங்க!"

சபையில் போன் ஒலித்தால் அதன் சொந்தக்காரர் கேள்வி நேரம் முடியும்வரை வெளியே போக வேண்டும். சபாநாயகர் இதுவரை யாருக்கும் விலக்குக் கொடுத்ததில்லை.

"யாருடைய போன்?"

அந்த நொடியில் தலையாட்டிக்கு சொர்க்கவாசல் திறந்ததுபோல் இருந்தது. 'என்னுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபாநாயகரே வெளியே அனுப்பிவிடுவார். ஓடினதாகவும் ஆகாது, பேசாமல் நின்றதாகவும் ஆகாது. பெரிய இடத்துத் தண்டனை, கொறடாவால் ஒன்றும் சொல்ல முடியாது.

பாதி எழுந்தார். வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

"யாருடைய போன் என்று கேட்டேன்."

'என்னுது, என்னுது' என்று உள்ளுக்குள் கத்தினார். உதடு மீன் உதடுபோல் திறந்து மூடியது.

"என்னுதுங்க ஐயா" என்றார் ஜவுளிக்கடைக்காரர், நல்ல மனிதர். "விளம்பரத்தைக் கேட்டாலே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"வெளியே செல்லவும். போனையும் எடுத்துச் செல்லவும்."

தலையாட்டி ஒருபுறமாக எழும்பினார். ஜவுளிக்கடைக்காரர் போனை உருவிக்கொண்டு, மோட்டாரை நிறுத்த ஓடினார்.

"நான்காவது கேள்வி. உறுப்பினர் இப்போதுதான் வெளியேற்றப்பட்டார். ஐந்தாவது கேள்வி. உறுப்பினர் வெளிநடப்பு."

கேள்வி நேரத்தில் முக்கால்வாசி இன்னும் அப்படியே இருந்தது.

சீட் போனால் போகட்டும் என்று தலையாட்டி அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். சீட் இல்லாமல் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். ஊரே பார்க்க அவர் வாயைத் திறந்து திறந்து மூடுவதை மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு வயிற்று வலி எவ்வளவோ மேல். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவை நோக்கிப் போகச் சட்டென்று எழுந்தார்.

"ஆறாவது கேள்வி" என்று தலை நிமிர்ந்த சபாநாயகர், அப்படியே நிறுத்தினார். "உறுப்பினர் நான் அழைக்கும் முன்பே எழுந்து நிற்கிறார். மகிழ்ச்சி."

ஆளுங்கட்சி மேசைகளைத் தட்டியது. காலையிலிருந்து தட்டுவதற்கு அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தாளர்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் உறுப்பினரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கதவுக்கு இன்னும் நாலைந்து எட்டுதான். கொறடா அந்தக் கதவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

ரயில்வே அமைச்சர் எழுந்து படித்தார். "ஊரின் நடுவே உள்ள ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டுவது குறித்து. பகுதி அ: ஆம், கோரிக்கை வந்துள்ளது. பகுதி ஆ: பரிசீலனையில் உள்ளது. பகுதி இ: மேற்கண்ட பதிலைப் பார்க்கும்போது, கேள்வி எழவில்லை."

"துணைக்கேள்வி" என்றார் சபாநாயகர்.

தலையாட்டி நின்றார். சபை காத்திருந்தது. மேலே பார்வையாளர் மாடத்தில் யாரோ இருமினார்கள். தலை தன்பாட்டுக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. அவர் கையால் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார்.

ரயில்வே அமைச்சர் இளகிய மனதுக்காரர். உதவி செய்ய நினைத்து எழுந்தார்.

"உறுப்பினர் திருப்தி அடைந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். எப்படியும் அந்த கேட்டில் காத்திருப்பது சராசரியாக நான்கே நிமிடங்கள்தான்."

"நாலு நிமிஷமா?" என்றது ஒரு குரல்.

யார் என்று தலையாட்டி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. சுருக்கெழுத்தாளர்கள் அவரையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு சொன்னா உங்களுக்கு நாலு நிமிஷம்னு?"

"அதிகாரிகள் அறிக்கை..."

"அதிகாரிங்க அந்தப் பக்கம் ரயில்ல வந்து ரயில்ல போயிருப்பாங்க. ரயில்ல இருக்கிறவங்களுக்கு கேட் எப்பவுமே திறந்துதான் இருக்கும். நாங்க ரோட்டுல நிக்கிறவங்க."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். தலையாட்டிக்கு அது புதிதாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

"என் பொண்ணு அந்த கேட்டுலதாங்க பொறந்தா. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், எங்க வீடு இந்தப் பக்கம். கேட்டைப் போட்டாங்க. சரக்கு ரயில். அது வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. பின் சீட்டுல என் வீட்டுக்காரி. இறங்கிப் போயி அந்த கேட்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்னு கத்துறா. நான் இறங்கினேன். அவருகிட்டப் போனேன். நின்னேன். திரும்பி வந்துட்டேன்."

சபை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார்.

"கடைசிப் பெட்டியில கொடி பிடிச்சு நிக்கிற கார்டு எனக்குக் கையாட்டினாரு. அவரு கையாட்டும்போது நான் அப்பாவாயிட்டேன். கேட் திறந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வேலையே இல்ல. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துட்டோம். இப்ப அந்தப் பொண்ணு ஊர்ல பாட்டியோட இருந்து பள்ளிக்கூடம் போறா. தினமும் அதே கேட்டுல நிக்கிறா. பொறந்த இடமாச்சேன்னு ஒரு சலுகையும் இல்ல."

மேசைகள் அதிர்ந்தன. வெளிநடப்பு செய்தவர்கள் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு பாதி உள்ளே வந்துவிட்டார்.

தலையாட்டி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்குச் சிரிக்கிற மாதிரி முடிஞ்சுது. எங்க தெருவுல ஒரு தச்சர். அவரும் இப்படித்தான் சம்சாரத்தை ஏத்திக்கிட்டு வந்தாரு. அவருக்கும் சரக்கு ரயில். அப்புறம் கேட் திறந்துச்சு. அவரு வண்டியை எடுக்கல. பின்னாடி இருந்தவங்க ஹார்ன் அடிச்சாங்க. ரொம்ப நேரம் அடிச்சாங்க. அவரு எடுக்கல."

சிரிப்பு நின்றது. சுருக்கெழுத்தாளரின் பென்சிலும் நின்றது.

சபாநாயகர் தொண்டையைச் செருமினார். "உறுப்பினரின் கேள்வி என்ன?"

"பாலம் எப்ப?"

தலையாட்டி உட்கார்ந்தார். மேசை விளிம்பை மட்டும் விடவில்லை.

ரயில்வே அமைச்சர் எழுந்தார். கையிலிருந்த அதிகாரிகள் அறிக்கையைப் பார்த்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"இந்த ஆண்டே வேலை தொடங்கும். சபையில் சொல்கிறேன், பதிவாகட்டும்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தலையாட்டிக்குத் தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. கொறடா கட்டிப்பிடித்தார். நிதியமைச்சர் முதுகில் தட்டினார். டாக்டரம்மா வந்து கையைக் குலுக்கினார்.

"இதைத்தான் மறைச்சு வச்சிருந்தீங்களா இத்தனை நாளா?" என்றார்.

கொறடா விடவில்லை. "தம்பி, இன்னொரு நல்ல செய்தி. வர்ற செவ்வாய்க்கிழமைக் குலுக்கல்ல உங்க கேள்வி மூணாவதா விழுந்திருக்கு."

"பேசிருவோம்ணே" என்றார் தலையாட்டி. குரல் தன்னுடையதுதானா என்று ஒருமுறை உள்ளுக்குள் சரிபார்த்துக்கொண்டார்.

லாபிக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். காலர் ஒரு பக்கம் மடிஞ்சு நின்னுச்சு."

"காலரை விடு. பேசினதைக் கேட்டியா?"

அந்தப் பக்கம் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். பின்னால் நிறையப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

"கேட்டேங்க" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "கேட்காரர்கிட்டப் பேசாம திரும்பி வந்தீங்கன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். பேசினேன், அவரு ஒத்துக்கலன்னுல்ல சொன்னீங்க."

"அது... அதை அப்புறம் பேசலாம். என்ன ஒரு நாள் தெரியுமா! பயில்வான் வீட்டுல கதவு. பேராசிரியர் வீட்டுல பல்லு. ஜவுளிக்கடை அண்ணன் வீட்டுல தண்ணித் தொட்டி. எல்லாம் ஒரே காலையில. விதிதான் என்னைத் தள்ளிக் கொண்டுபோயி நிறுத்தியிருக்கு."

"பாவம், எல்லார் வீட்டுலயும் ஏதோ ஒண்ணு" என்றாள் அவள். "சீக்கிரம் வாங்க."

வண்டி வாசலுக்கு வந்தது. தலையாட்டி இன்று முன் இருக்கையில் ஏறினார். நான்கு வருடங்களாகப் பின்னால் உட்கார்ந்து, போக வேண்டிய இடத்தைக்கூடக் கையால் காட்டியே வந்தவர். டிரைவர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"குடியிருப்புக்குப் போவோம். எப்படிப் பேசினேன்?"

"பிரமாதம் சார். நம்ம வீட்டுல எல்லா அம்மாவும் கூடி உக்காந்து பார்த்தாங்க. வாசல்ல நின்னு நானும் பார்த்தேன். கைதட்டுனதுல சுவரே விழுந்துருச்சோன்னு ஆயிருச்சு."

தலையாட்டி காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இது ஆரம்பம்தான். செவ்வாய்க்கிழமை மறுபடியும் பேசறேன். காலையில சீக்கிரமா வண்டியை எடுத்துருங்க."

டிரைவர் கியரை மாற்றினார். வண்டியை ஓரமாக எடுத்து, ஒரு வளைவு திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்து, சங்கடத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை நம்ம வண்டி பாதி வழியில நின்னுரும் சார், அன்னைக்குப் பயில்வான் சார் கேள்வி உங்களுக்குப் பின்னாடி இருக்காம், இன்னைக்கு அவங்க வீட்டம்மாங்க எல்லாரும் நமக்குப் பண்ணின மாதிரி அன்னைக்கு நாம அவங்களுக்குப் பண்ணணும்னு நம்ம அம்மா இப்பவே சொல்லி வச்சுட்டாங்க."